மாடிப்படியின் சாவி யாரிடம்?

(திருவக்கரையில் தோழர்களிடையே ஆற்றிய உரை)



கல்லாய்ப் போன மரங்களைக் காண மக்கள் பல ஊர்களிலிருந்தும் இத் திருவக்கரைக்கு வருகிறார்கள். 1781ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு நாட்டு அறிஞர் சொன்னரா இம்மரங்களைப் பற்றி எழுதி வைத்தார். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது நிலநூல் வல்லார் கணக்கு. வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊரார் சொல்லும் கதை. நான் பேச வந்தது அந்தக் கல்மரங்களைப் பற்றியன்று. ஆயினும் அவற்றுக்கு ஒரு நன்றி கூறியே தொடங்க விரும்புகிறேன். நான் பேச வந்த பொருளுக்கு மரம் பெரும்பகை. இவ்வூர் மரங்களிலே நமக்கு இடையூறு செய்யாமல் படுத்துக் கிடப்பவை இந்தக் கல்மரங்கள் மட்டுமே!

பொருள் இதுதான். நம் ஊருக்கென்று, நம் ஊராரே நட்டு, நம் ஊராரே காத்து, நம் ஊராரே உடைமை கொண்டாடும் ஒரு கம்பியில்லா வலைப்பின்னல். வீட்டுக் கூரையிலும் பள்ளிக்கூட மாடியிலும் சிறு கருவிகளைப் பொருத்தி, ஒன்றின் செய்தியை மற்றொன்று வாங்கி அடுத்ததற்குக் கொடுக்க, ஊர் முழுவதும் இணையம் பரவச் செய்யும் ஏற்பாடு. அதனை அமைக்க வேண்டும் என்று இளைஞர்கள் துடிக்கிறார்கள். துடிப்பை நான் போற்றுகிறேன். அதே வேளையில், இந்த வேலையில் தோற்றவர்களின் கதையையும் சொல்லிவிட்டுப் போக வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. தோற்றவர்களில் நானும் ஒருவன்.

“ஆளுக்கொரு செல்போன் இருக்கையில் இது எதற்கு?” என்று வரும் வழியில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2024 ஜூலையிலே பெரிய செல்போன் நிறுவனங்கள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது நம்மிடம் எவரேனும் கருத்துக் கேட்டார்களா? முந்நூறு வீடுகள் கொண்ட ஊரில் வீட்டுக்கு மாதம் முந்நூறு ரூபாய் என்றால், ஆண்டுக்குப் பத்து இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் ஊரைவிட்டு வெளியேறுகிறது. ஒரே இணைப்பை ஊரே பங்கிட்டுக் கொண்டால் இதில் ஒரு பகுதியேனும் மிஞ்சும். முழுவதும் மிஞ்சும் என்று சொன்னால் அது பொய். வயலுக்குப் போகிறவர் கையில் செல்போன் இருந்தே தீரும்.

இரண்டாவது காரணம் இன்னும் வலுவானது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெங்கல் புயல் புதுவைக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்ததா? நகர மறுத்து நின்று கொட்டியது! நம் அண்டை ஊராகிய மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் பெய்தது. சாலை முழுகியது, மின்சாரம் நின்றது. செல்போன் டவருக்கு பாட்டரி உண்டு, டீசல் இயந்திரமும் உண்டு. ஆனால் டீசல் ஏற்றிவரும் வண்டி வெள்ளத்தைக் கடந்தாக வேண்டுமே! ஊருக்குள்ளேயே ஒரு வலை இருந்தால், வெளியுலகத் தொடர்பு அறுந்தாலும், பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்போர் நிலையைச் செவிலியருக்குச் சொல்ல வழியிருக்கும். 2012இல் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ரெட் ஹூக் என்னும் ஏழை மக்கள் வாழும் பகுதியில் ஒரு சிறு வலைப்பின்னல் இப்படித்தான் உதவியது.

அமெரிக்கா வரை போவானேன்? இதோ நம் ஊரைத் தொட்டு ஓடும் சங்கராபரணி ஆற்றின் கரையோடு நடந்தால் வில்லியனூர் வரும். அங்கேதான் 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா நாட்டு உதவியுடன், தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கினார்கள். வில்லியனூர் நடுநிலையம், அதைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட சிற்றூர்கள். தொலைபேசிக் கம்பியை நம்பினால் காரியம் நடவாது என்பதால் வி.எச்.எஃப். வானொலிக் கருவிகள் வழியாகப் பேச்சையும் எழுத்தையும் அனுப்பினார்கள். மின்சாரத்தையும் நம்பவில்லை, சூரிய ஒளித் தகடுகள் வைத்தார்கள். மையங்களை நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினத்திலே, அமெரிக்கக் கடற்படையின் அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்க்கு நாள்தோறும் படித்தார்கள். நல்லவாட்டிலே நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு ஊருக்குத் தொலைபேசினார். தகவல் மையத்து ஒலிபெருக்கி அலறியது. ஏறத்தாழ 3,600 பேர் வெளியேறினார்கள். ஓர் உயிரும் போகவில்லை.

அந்த நாளில் காப்பாற்றியது எது? தொலைபேசியா? ஒலிபெருக்கியா? இரண்டுந்தான். ஆனால் அந்த ஒலிபெருக்கி அன்றைக்கு வேலை செய்தது, அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வேலை செய்துகொண்டிருந்ததனாலேயே. புயலுக்கென்று ஒரு கருவியை வாங்கிப் பூட்டி வைத்தால் புயலன்று அது வாய் திறவாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

வலை எப்படி வேலை செய்கிறது? மாடிக்குக் கான்கிரீட் போடும் நாளை நினைத்துக் கொள்ளுங்கள். கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றுகிறார்கள். கலவை இயந்திரத்தின் அருகே நிற்பவர்தான் வெளியிணைப்பு. கடைசியில் நிற்பவர் உங்கள் வீடு. ஒவ்வொரு கருவியும் ஓர் ஆள். அதனைக் கணு என்போம். இப்போது ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் நிற்பவர் ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது. வாங்கிய பிறகே கொடுக்க வேண்டும். ஒரே வானொலிப் பொறி கொண்ட மலிவான கருவியின் கதையும் இதுவே. ஒவ்வொரு தாவலுக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். முதல் வீட்டில் 40 என்றால் இரண்டாம் தாவலில் 20, மூன்றாவதில் 10, நான்காவதில் 5. வரிசையின் கடைசியில் நிற்பது எந்தத் தெருவாக இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் எந்த வசதியும் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறதோ, இதுவும் அப்படியே முடியும், நாம் வேண்டுமென்றே மாற்றி நட்டாலன்றி.

அடுத்தது பார்வை. கருவி கருவியைப் பார்க்க வேண்டும். நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெரிந்தால் போதும் என்று எண்ணாதீர்கள். அலை ஒரு தடித்த உருளைபோலப் போகிறது. 5 கிலோமீட்டர் தொலைவுக்கு, வைஃபை அலையாயின், நடுவழியில் அந்த உருளையின் ஆரம் ஏறத்தாழ 12 மீட்டர். அதிற் பெரும்பகுதி தடையின்றி இருக்க வேண்டும். கோடையிலே ஏணி வைத்து, அலை நன்றாக வருகிறது என்று கைதட்டிவிட்டு இறங்குவார்கள். ஐப்பசியில் புளியமரம் தழைத்து, இலையெல்லாம் நீர் சொட்ட நிற்கும். அலையை அது குடித்துவிடும். ஆகவே அளவெடுப்பதை அடைமழையில் செய்யுங்கள். குடை பிடித்துக்கொண்டு செய்யுங்கள். மரத்தை வெட்டலாமே என்பவரை அளவெடுக்கவே அழைத்துப் போகாதீர்கள்.

இனி மின்சாரம். இதிலே நமக்கு ஆசான் தேனி. அரவிந்த் கண் மருத்துவமனையின் சிற்றூர்க் கண் மையங்களில் உட்காரும் நோயாளியை, தேனியிலுள்ள மருத்துவர் திரையிலே பார்த்துப் பேசுவதற்காக, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்கள் நீண்டதூர வைஃபை இணைப்புகளை அமைத்தார்கள். சாதாரண வைஃபை, ஒரு செய்தியை அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குச் சிறிது நேரமே காத்திருக்கும். பத்து கிலோமீட்டர் போய்த் திரும்பும் பதில் தாமதமாகவே, செய்தி தொலைந்தது என்றெண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பும். நீ இவ்வளவு நேரம் பேசு, பிறகு நான் பேசுகிறேன் என்று முறை வைத்து அதை அவர்கள் தீர்த்தார்கள். அறிவாளிகள், எளிதில் தீர்த்துவிட்டார்கள். அவர்களைத் திணற வைத்தது வேறு. 500 வோல்ட்டையும் தாண்டிப் பாய்ந்த மின்சாரம்! அடாப்டர் கருகியது, திடீர் மின்தடையில் கருவியின் நினைவகம் கெட்டது, என்ன கெட்டது என்று சொல்ல அங்கே ஆளில்லை. பழுதுகளிற் பெரும்பாலானவை மின்சாரத்தின் வழியே வந்தவை என்று அவர்களே 2008இல் எழுதினார்கள். இமயமலைச் சாரலில் தர்மசாலாவில் திபெத்திய மக்களிடையே 2005இல் வலை அமைத்தவர்களுக்கு மின்சாரத்தோடு குரங்குகளும் பகை. நமக்குக் குரங்கு குறைவு. மின்னலும் கல்குவாரித் தூசும் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. குறித்துக்கொள்ளுங்கள். கூரைமேல் ஒரு கருவிக்கு 10 வாட் என்றால் நாளுக்கு 240 வாட்-மணி. மூன்று நாள் வெயிலில்லாப் புயலைத் தாங்க 720. பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் போய்விடும், எனவே 1,440. அதாவது 12 வோல்ட்டில் 120 ஆம்பியர்-மணி பாட்டரி. கருவியைக் காட்டிலும் பாட்டரியும் தகடும் விலை மிகுந்தவை. அந்த பாட்டரியும் மூன்று நான்கு ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. முதல் ஆண்டு நன்கொடை திரட்டி வாங்கிவிடலாம். திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் வரும். நான்காம் ஆண்டு பாட்டரிக்கு எவர் மாலை போடுவார்?

மதுரைப் பக்கம் மேலூரில் 2001இல் தொடங்கிய திட்டத்தைப் பாருங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொழில்நுட்பம். ஊருக்கு ஊர் கணினிக் கடைகள். அரசுச் சான்றிதழ்களுக்கும் அங்கேயே விண்ணப்பிக்க ஏற்பாடு. ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்த 36 மையங்களில் 32, 2005 மே மாதத்திற்குள் மூடப்பட்டுவிட்டன. தொழில்நுட்பம் தோற்றதாலன்று, வரவு செலவைச் சரிக்கட்டவில்லை, பழுது பார்க்கும் ஆதரவு தளர்ந்தது. கணினிப் பயிற்சி பெற்ற ஒருவர் அமர்ந்திருந்த மையங்கள் மட்டும் சற்றுக் கூடுதலான நாள் தாக்குப்பிடித்தன.

இப்போது என் தோல்வியைச் சொல்கிறேன். ஊர்ப்பெயர் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஏழு கணுக்களை நட்டோம். ஊர்த்தெருவில் நூலகத்தில் தொடங்கி, காலனியில் முடியும் வரிசை. நான்காவது கணு, தெருக்கோடியிலே ஒரு மாடிவீட்டில். வீட்டுக்காரர் நல்லவர், கருவிக்கு மின்சாரமும் இலவசமாகத் தந்தார். திறப்பு விழா நடந்தது, நானே பேசினேன். ஆறு மாதம் ஓடியது. ஆடித் திருவிழாவில் தேர் எந்தத் தெரு வரை வரும் என்று தகராறு. மறுநாள் அந்த மாடிவீட்டின் படிக்கதவு பூட்டப்பட்டது. எவரும் கருவியை உடைக்கவில்லை, கம்பியை அறுக்கவில்லை, ஒரு சுடுசொல்லும் பேசவில்லை. மின்விசையை அணைத்துவிட்டார்கள், அவ்வளவே. நான்காவது கணுவுக்கு அப்பாலிருந்த மூன்றும் இருண்டன. மூன்றும் காலனியிலே.

பழுது பார்க்கப் பயிற்சி பெற்றிருந்த பெண் காலனியைச் சேர்ந்தவர். கெட்டிக்காரர். அவர் என்னிடம் வந்து, “தோழர், அந்த வீட்டு மாடிக்கு நான் இதற்கு முன்னும் ஏறியதில்லை. கருவி நின்றால் உங்களுக்குப் போன் செய்வேன், நீங்கள் வேறு ஆளை அனுப்புவீர்கள்” என்றார். ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தது இது! பயிற்சி கொடுத்தோம், ஏணி கொடுத்தோம், கருவி கொடுத்தோம். அந்தப் படியில் அவர் கால் வைக்க முடியுமா என்று கேட்கத் தோன்றவில்லை. அலைக்குச் சாதி தெரியாது என்று மேடையில் முழங்கினேன். அலைக்குத் தெரியாது, படிக்குத் தெரிந்திருந்தது.

இதில் இன்னொன்றும் விளங்கிற்று. நாங்கள் நட்டது வலையே அன்று, சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் கீழுள்ளதெல்லாம் அறுந்தது. ஒவ்வொரு கணுவும் குறைந்தது இரு கணுக்களைப் பார்க்க வேண்டும், அந்த இரண்டும் இரு வேறு தெருக்களில், இரு வேறு கைகளில் இருக்க வேண்டும் என்பதே வலையின் இலக்கணம். ஒரு வழி அடைபட்டால் செய்தி தானே மறுவழி தேடும். நூலில் படித்திருந்தோம். இரண்டாவது வழி அமைக்கக் கூடுதலாக இரண்டு கருவிகள் வேண்டும் என்றதும், செலவு மிச்சம் என்று விட்டுவிட்டோம். எந்தச் செலவை மிச்சம் பிடித்தோம் என்று இப்போது எண்ணினால் நாணமாக இருக்கிறது.

வில்லியனூர்த் திட்டத்தார் இந்தச் சிக்கலை முன்னமே சந்தித்தார்கள். ஏம்பலத்திலே அவர்களுக்குக் கிடைத்த இடம் கோயிலைச் சேர்ந்தது. அந்தக் கட்டடத்துக்கு இரு வாயில். ஒரு வாயில் வழிபாட்டுக்கு. அதன் வழியே ஒடுக்கப்பட்ட மக்களும் மாதவிலக்கான பெண்களும் நுழையலாகாது என்பது வழக்கம். மறு வாயில் தகவல் மையத்துக்கு. அதன் வழியே எவரும் நுழையலாம். முதல் வாயிலைத் திறக்க அவர்களால் இயலவில்லை. இரண்டாவதை எல்லோருக்கும் திறந்தே வைத்தார்கள். அது பெரிய புரட்சி என்று நான் சொல்லமாட்டேன். ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். 

“தனியார் மாடி வேண்டாம், காலனியின் மேல்நிலைத் தொட்டி இருக்கிறதே, ஊரிலேயே உயரம் அதுதான்” என்று உங்கள் கிளைச் செயலாளர் சொன்னார். உயரம் சரி. ஆனால் தோழர்களே, 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் என்ன நடந்தது? ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் தொட்டி நீரிலே மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. அதன் பிறகு, அந்தத் தொட்டியின் ஏணியில் எவர் ஏறுகிறார் என்பது தொழில்நுட்பக் கேள்வியா? காலனி மக்கள் கூடி, இன்னார் ஏறலாம், இன்ன நாளில், எங்களில் ஒருவர் உடனிருக்க என்று சொன்னாலன்றி அங்கே ஓர் ஆணியும் அடிக்காதீர்கள். ஊராட்சியின் எழுத்து மூலமான இசைவும் வேண்டும். 

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையன் 1933இல் இயற்றிய சட்டம், கம்பியில்லாக் கருவி ஒன்றை வைத்திருக்கவே உரிமம் கேட்டது. வானலை பொதுமக்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமத்திலிருந்து விலக்கப்பட்டது; ஒரு வாட் திறனுக்குள், கூரைக்குமேல் ஐந்து மீட்டர் உயரத்துக்குள் என்பது அப்போதைய வரம்பு. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பெரும் இடம் திறக்கப்பட்டது. ஆக, வானம் நமக்குத் திறந்திருக்கிறது. ஆனால் வெளியிணைப்பை வாங்கி ஊராருக்குக் கட்டணத்துக்குப் பங்கிடுவது வேறு செய்தி. அதற்கு 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம்.வாணி திட்டத்தில், உரிமமும் கட்டணமும் இன்றிப் பொதுத் தரவு மையம் நடத்த வழியுண்டு. இத்தகைய மையத்திடம், 200 மெகாபிட் வரையிலான இணைப்புக்கு, வீட்டுக் கட்டணத்தைப் போல் இருமடங்குக்கு மேல் வாங்கலாகாது என்று 2025 ஜூனில் டிராய் ஆணையிட்டது. 12,525 ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் அரசுத் திட்டமும் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் ஃபைபர் அங்கிருந்து குடிசை வரை எப்படிப் போகும்? அந்தக் கடைசி அரைக் கல் தொலைவுதான் நம் வேலை.

முடியாத வேலையா? ஸ்பெயின் நாட்டுக் கடலோனியாவிலே, பெரு நிறுவனம் எட்டிப் பாராத சிற்றூர்களில் 2004இல் தொடங்கிய குய்ஃபி வலை, 30,000 கணுக்களுக்கு மேல் வளர்ந்தது. அங்கே ஒரே ஒரு உடன்படிக்கை. வலையில் சேரும் எவரும், தம் கணு வழியே மற்றவர் செய்தி தடையின்றிச் செல்ல இசைய வேண்டும். அவர்கள் அதை எழுதிக் கையெழுத்திட்டார்கள். நாங்கள் அந்த மாடிவீட்டுக்காரரிடம் வாய்ச்சொல்லோடு நின்றோம். அவர் நல்லவர், எழுத்து எதற்கு என்றிருந்தோம்.

ஆகையால் நீங்கள் காட்டிய வரைபடத்தை நான் அப்படியே ஏற்கவில்லை. பன்னிரண்டு கணு வேண்டாம், ஐந்து போதும். ஊராட்சி அலுவலகம், பள்ளி, நியாயவிலைக் கடை, காலனிச் சமுதாயக் கூடம், அங்கன்வாடி. ஐந்தும் பொதுக் கட்டடம். வெளியிணைப்பைக் காலனிச் சமுதாயக் கூடத்திலே இறக்குங்கள். வரிசை அங்கே தொடங்கி ஊர்த்தெருவுக்குப் போகட்டும். வேகம் குறைகிறது என்று ஊர்த்தெருவார் முறையிட்டால், குறை தீர்க்க இன்னொரு கருவி வாங்கப் பணமும் விரைவில் வந்துவிடும்! மாதச் சந்தா எவ்வளவு ஆனாலும், அதில் மூன்றில் ஒரு பங்கை பாட்டரிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். இருநூற்றைம்பது ரூபாய் அடாப்டர் கருகினால், எவரையும் கேளாமல் உடனே வாங்கும் உரிமையைப் பழுது பார்ப்பவருக்கே கொடுங்கள். அதற்குக் கமிட்டி கூட்டினால் கமிட்டி கூடும், கருவி எரியாது.

பழுது பார்க்க இருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். இருவரும் வந்திருக்கிறார்கள்; ஒருவர் காலனித் தங்கை, ஒருவர் ஊர்த்தெருத் தம்பி. வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இருவரும் சேர்ந்து, நான் சொன்ன ஐந்து கட்டடங்களின் கூரைக்கும் ஏற வேண்டும். கருவி எதுவும் கொண்டுபோக வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எந்தக் கட்டடத்துச் சாவி எவரிடம், கேட்டவுடன் கொடுத்தாரா, இருவரில் ஒருவருக்கு மட்டும் கொடுத்தாரா, எத்தனை நேரம் காக்க வைத்தார் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். பதினோரு மணிக்கு நான் மீண்டும் இங்கே இருப்பேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகு, எத்தனை கருவி வாங்குவது என்று பேசுவோம்.